வெள்ளிக்கு மாற்றாக ஞாயிறு

ஜூலை 10, இரவு

அன்புள்ள கணக்கு மாமாவுக்கு,

நான்தான், தலைப்பிரட்டை. இப்படிக் கூப்பிட நீங்கள் போனபிறகு யாரும் இல்லை.

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் புவியியல் புத்தகத்தை மேலே விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஹாலில் அத்தா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

"அடுத்த வீட்டுப் பேச்சு இனிமே இந்த வீட்டுல வேண்டாம்" என்று அத்தா சொல்லிவிட்டார். நீங்கள் போனதிலிருந்து அந்த வீடே பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டின வீட்டின்மீது என்ன கோபம் என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். அத்தாவிடம் கேட்க அவளுக்கும் தைரியம் இல்லை.

உங்கள் பிரிவுபசார விழாவில் நீங்கள் பேசியது ஞாபகம் இருக்கிறதா? "இது கிறிஸ்தவக் கல்லூரி. நான் கிறிஸ்தவன். பன்னெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை மதியம் விலங்கியல் சார் தொழுகைக்குப் போவார், அவர் வகுப்புல நான் போய்ப் புள்ளியியல் நடத்துவேன். அனுமதின்னு ஒண்ணு கேட்டதில்ல, ஒரு தாள் எழுதினதில்ல. இதாங்க நம்ம கல்லூரி!" என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினேன். நீங்கள் சொன்ன விலங்கியல் சார், எங்கள் அத்தா மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் புதுச் செயலர் தட்டினார். தட்டிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. யாரும் வாய்வார்த்தையாக வகுப்பை மாற்றிக்கொள்ளக் கூடாதாம். மத காரணத்துக்கு நேரம் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமாம். அத்தாவைக் கூப்பிட்டு, "எழுதிக் குடுங்க சார், உடனே அனுமதி தர்றேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். அத்தா எழுதித் தரவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பள்ளிவாசலுக்குப் போனார். வகுப்பு ஆசிரியர் இல்லாமல் கிடந்தது. மறுநாள் மெமோ வந்தது.

"ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. அவரேதான் தர்றேங்கிறாரே" என்றாள் அம்மா.

"தர்றேங்கிறாரு. அதுதாண்டி பிரச்சினை. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் வாங்கலை. ரெண்டு பேருக்குள்ள இருந்ததை அவன் மைக்குல போட்டுட்டான். இப்ப அது சலுகையாப் போச்சு. இன்னைக்குக் குடுக்கிறவர் நாளைக்கு நிறுத்திட்டேன்னுவார். அப்பப் போய் நிப்பேனா?"

ஆகஸ்ட் இருபதுக்கு மேல் நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் எழுதித் தராவிட்டால் வேலையிலிருந்து விலக்கச் சொல்வார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வேலை போனால் இந்த வீடும் போகும், கல்லூரி வளாகத்தில் இருக்கும் என் பள்ளிக்கூடமும் போகும். அம்மா பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறாள். கேட்டால் பூச்சி இருக்கு என்கிறாள்.

மாமா, நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள். பதிலை வேதியியல் டீச்சர் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். அதான், நம் ஆசிட் அத்தை. பிரிக்காமல் தருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

தலைப்பிரட்டை


ஜூலை 15

அன்புள்ள தலைப்பிரட்டைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் அத்தா எனக்கு எழுதாததற்கு வேறு காரணம் நினைத்திருந்தேன். முதல்வர் பதவி என்றதும் ஓடிவந்துவிட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறார், இறங்கி வரட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை இரண்டு நாள் தயார் செய்தேன். அந்த மேடையில் நான் சொன்னதிலேயே நல்ல விஷயம் அதுதான் என்று இன்றுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமியிடம்கூடச் சொல்லிக்காட்டினேன். இப்போது உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லதைச் சொல்றதுக்கும் ஒரு இடம் பார்க்கணும்ல?" என்றாள்.

நான் வந்து பேசுவது நல்லதா என்று தெரியவில்லை. ஏற்கெனவே பேசித்தான் இந்த வினை. இன்னொரு கல்லூரியின் முதல்வர் வந்து செயலரிடம் வாதாடினால், அது உன் அத்தாவுக்கு இன்னொரு சிபாரிசு ஆகும். முதலில் அவருக்கே எழுதுகிறேன். நீ பயப்படாதே. படி. பெட்டிகளில் பூச்சி இருக்கிறது என்று அம்மா சொன்னால் அப்படியே நம்பு.

கணக்கு மாமா


ஜூலை 20, இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தா உறையைத் திருப்பி அனுப்புநர் பெயரைப் பார்த்தார். பிரிக்காமல் தபால்காரரிடமே கொடுத்து, "திருப்பி அனுப்பிடுங்க" என்றார். பிறகு முகம் கழுவப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது மெமோவும் வந்துவிட்டது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், "உங்க அத்தாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அரைநாள் லீவாமே?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் வீட்டில் யாரோ பேசியிருக்கிறார்கள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

ஆசிரியர்கள் எல்லாருமே ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள் என்று ஆசிட் அத்தை சொல்கிறார். முன்பெல்லாம் காலை ஜெபத்துக்கு எல்லாரும் கல்லூரி ஆலயத்தில் உட்காருவார்களாம். சிலர் பாடுவார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு வேறு சாமியை நினைப்பார்கள், அத்தை கடைசி பெஞ்சில் ஆய்வக நோட்டுத் திருத்துவார். யாரும் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொருவரும், நம்மை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம்.

"நான் காலையில கோயிலுக்குப் போயிட்டுத்தான் ஜெபத்துக்கு வர்றேன். பத்து நிமிஷம் தாமதமாகும். இத்தனை வருஷம் வாசல் பக்கத்து இடத்தை எனக்காக விட்டு வச்சிருந்தாங்க. தயவுசெஞ்சு யாரும் என்னைப் பாராட்டிடாதீங்கப்பா" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு உங்களை நினைத்து, சிரித்தது தப்போ என்று இருந்தது.

கடிதம் வேண்டாம் மாமா. நேரில் வாருங்கள். வாசலில் வந்து நின்றால் அத்தாவால் உங்களை எப்படித் திருப்பி அனுப்ப முடியும்?

தலைப்பிரட்டை


ஜூலை 25

அன்புள்ள தலைப்பிரட்டைக்கு,

திரும்பி வந்த கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. நீ சொல்வது தவறு. வாசலில் வந்து நின்றாலும் உன் அத்தா திருப்பி அனுப்புவார். தண்ணீர் கொடுத்து, வெயில் தாழட்டும் என்று உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் அனுப்புவார். அதைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை என்பதுதான் உண்மை. நான்கு முறை இந்தப் பதிலை எழுதிக் கிழித்தேன். "கணக்குப் போடுறப்ப இவ்வளவு அடிச்சதில்லையே" என்கிறாள் மாமி.

எனக்கும் வருத்தம் உண்டு, யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அத்தாவுக்குக் கொடுக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. அதுவும் ஒரு கர்வம்தான். வெள்ளிக்கிழமை ஏற்பாடு எப்படித் தொடங்கியது தெரியுமா? அவர் புதிதாக வேலைக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பில் நிற்கும்போது கண் ஜன்னலுக்குப் போகும். நடைபாதையில் போகும்போது பார்ப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நான்தான் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி இல்லை. ஞாயிறு காலை மாணவர் விடுதியில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அன்று என் முறை, ஆராதனைக்குப் போக முடியவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். யாரோ அவருக்குச் சம்பளத்தை உயர்த்தியதுபோல் மலர்ந்தது. அதற்குப் பிறகு, "அப்ப உங்க வெள்ளிக்கிழமையை எனக்குக் குடுங்க" என்று நான் சொன்னபோது மறுக்கவில்லை.

என் முறை மட்டும் இல்லை. போகப்போக ஆராதனைக்குப் போகிற எல்லாருடைய ஞாயிறும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதை மேடையில் நான் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

வருவதைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்று மட்டும்தான் இன்று சொல்ல முடிகிறது.

கணக்கு மாமா


ஆகஸ்ட் 4, இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் ஒன்று செய்துவிட்டேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஆசிட் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அதுசரி, இப்ப ஞாயித்துக்கிழமை விடுதியில யார் இருக்காங்க தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். சுற்றறிக்கைக்குப் பிறகு அத்தா தன் முறை வரும் ஞாயிறு மட்டும்தான் போகிறார். மற்றவர்கள் முறைக்கு அவர்களே இருக்க வேண்டும் என்றதும் ஆளாளுக்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் செயலரே உட்காருகிறாராம்.

இன்று காலை டியூஷன் என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். செயலர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் வேதாகமம். இரண்டு மாணவர்கள் ஒரே கொடியில் துணி காயப்போடுவதற்காகச் சண்டை போட்டு அவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? இது பசங்க விடுதியாச்சே."

"விலங்கியல் சாரோட பொண்ணு சார்."

அவர் முகம் மாறியது. "அத்தா அனுப்பினாரா?"

"இல்ல சார். தெரிஞ்சா அவ்வளவுதான்."

பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஆலயத்தில் மணி அடித்தது. அவர் பேச்சை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். நீங்கள் எழுதியிருந்தீர்களே, வகுப்பில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்ப்பார் என்று. அத்தா அப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது. அதனால்தான் தைரியம் வந்தது.

"சார், அத்தா எழுதிக் குடுக்க மாட்டாங்க. ஆனா நீங்க ஏதாவது கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

"நான் அவர்கிட்ட கேக்கணுமா?"

"ஆமா சார்."

"நான் செயலர்மா."

"தெரியும் சார்."

"என்ன கேக்கணும்ங்கிற?"

"ஞாயித்துக்கிழமையை, சார். எல்லாரோட ஞாயித்துக்கிழமையும் அத்தாதான் பார்த்துக்கிட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போம்மா" என்றார். கோபமா இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. ஓடிவந்துவிட்டேன்.

அத்தாவிடம் சொல்லிவிட்டால்? பெண்ணைத் தூது அனுப்பினான் என்று குழுவில் சொல்லிவிட்டால்? நான் ஏன் மாமா போனேன்?

தலைப்பிரட்டை


ஆகஸ்ட் 8

தலைப்பிரட்டைக்கு,

இனி யோசிக்க ஒன்றும் இல்லை. குழு கூடும் நாளுக்கு முந்தின இரவுப் பேருந்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன்மேல் ஒரு சொல் விழுந்தால் அதற்கு நான்தான் பதில் சொல்வேன். உன் அத்தா தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.

நீ போயிருக்கக் கூடாது. போனது நல்லது. இரண்டையும் எப்படி ஒன்றாக எழுதுகிறேன் என்று கேட்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

மாமா


ஆகஸ்ட் 12, இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று மாலை செயலர் வீட்டுக்கு வந்தார். நடந்தே வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் அம்மா சமையலறைக்குள் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள். வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தோம். அத்தா, "உட்காருங்க சார்" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை.

செயலர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "எனக்கு ஒரு உதவி வேணும் சார்" என்றார்.

"உதவியா? இன்னொரு மெமோன்னு நினைச்சேன்."

"மெமோன்னா ப்யூன்கிட்ட குடுத்து விட்டிருப்பேனே. நடந்து வருவேனா?"

செயலர் சொம்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை விடுதியில உட்கார ஆள் இல்லை. வாராவாரம் நான் உட்கார்றேன். ஆராதனைக்குப் போய் எத்தனையோ நாளாச்சு. பேங்க்ல வேலை பார்த்த காலத்துலகூட ஒரு ஞாயிறு விட்டதில்ல. மணி அடிக்கிறப்ப மனசு கிடந்து அடிச்சுக்குது. நீங்கதான் எல்லாருக்காகவும் இருந்தீங்கன்னு இப்பத்தான் தெரியும். எனக்காகவும் இருப்பீங்களா? விதிப்படி கேக்க வழியில்லை. அதான் வீட்டுக்கு வந்தேன்."

மாமா, நான் கதவின் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தா அவரையே பார்த்தார். பிறகு, "காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அம்மா உள்ளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயலர் எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஆபீஸ்ல பெரிசா வேலை இருக்காது சார். உங்க பசங்களுக்குப் புள்ளியியல் இல்லாம நிக்குதாமே. நான் படிச்சது அதுதான்."

"விலங்கியல் பசங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் குடுத்துராதீங்க."

"சராசரி நல்லாவே போடுவேன் சார். அதை வச்சுத்தான் பேங்க்ல காலம் தள்ளினேன்."

அத்தா சிரித்தார். உங்கள் பிரிவுபசார விழாவுக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தார்.

"அப்ப அந்த விண்ணப்பம்?" என்று அத்தாவே கேட்டார்.

"நான் போட்ட சுற்றறிக்கை, நானே எடுத்துக்கறேன். மாத்திக்கிறவங்க மாத்திக்கட்டும், எனக்கு வாயால சொன்னாப் போதும். குழுவுல நான் பேசிக்கறேன்."

போகும்போது என்னைப் பார்த்து, "இது உங்க பொண்ணா? எத்தனாவது படிக்குது?" என்று முன்பின் பார்க்காதவர்போல் கேட்டார். "பத்தாவது சார்" என்றேன். "நல்லா படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்று அம்மா பெட்டிகளை மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். நீங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அத்தா உங்கள் பேரை இன்னும் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தலைப்பிரட்டை


ஆகஸ்ட் 19

அன்புள்ள தலைப்பிரட்டைக்கு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உன் கடிதத்தை மாமிக்கு உரக்கப் படித்தேன். "எத்தனை மணிக்கு வரணும்" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவள் வாங்கிப் படித்தாள்.

சந்தோஷம்தான். ஆனாலும், அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் இப்போது இன்னொருவர் நிற்கிறார் என்று நினைக்கும்போது, வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு அந்த வழியாகப் போவதுபோல் இருக்கிறது. விளக்கு எரிகிறது. எரிய வேண்டியதுதானே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கல்லூரியில் இயற்பியலில் ஓர் இளைஞர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு நடத்தும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காததுபோல் சாக்பீஸை எடுப்பதுமாக இருக்கிறார். போன வெள்ளி நடைபாதையில் நின்று பார்த்தேன். என் அறைக்குக் கூப்பிட்டு, "போய்ட்டு வாங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொன்னால் அது அனுமதி. நான் போன பிறகு வருகிறவர் எடுத்துவிடுவார்.

முதலில் அவரிடம் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தால், நான் முதல்வர். எதைக் கேட்டாலும் உத்தரவாகிவிடுகிறது. குடையை மறந்துவிட்டேன் என்று முனகினால் மூன்று பேர் ஓடுகிறார்கள். அன்று உன் அத்தாவிடம் நான் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்த ஆசிரியர்கள். இப்போது எனக்கு என்ன தேவை என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. உன் செயலருக்கு யோசனை சொன்னவள் நீதானே. எனக்கும் சொல்.

கணக்கு மாமா


ஆகஸ்ட் 25

அன்புள்ள கணக்கு மாமாவுக்கு,

இதைப் பகலில், ஹால் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

குழுவில் அத்தாவின் பேச்சே எடுக்கவில்லையாம். ஆசிட் அத்தை சொன்னார். செயலர் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது சட்டை முழுக்க சாக்பீஸ் தூளாம், பார்க்கவே பாவமாக இருந்ததாம்.

நீங்கள் கேட்டதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நேற்று அத்தா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அத்தா, ஒரு கல்லூரி முதல்வர் இருக்காருன்னு வச்சுக்கோங்க. அங்க சின்ன வயசுல ஒரு சார். முதல்வர் அவர்கிட்ட ஒரு உதவி கேக்கணும். ஆனா அது உத்தரவா இருக்கக் கூடாது. என்ன கேக்கலாம்?"

ஊர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை மாமா. சத்தியமாக.

அத்தா சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஒரு விடையை முழுதாகப் படித்து மதிப்பெண் போட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஞாயித்துக்கிழமை நான் விடுதிக்குப் போற வழியில சர்ச் வாசல்ல இறக்கி விடுவேன். இத்தனை வருஷம் பின்னால உட்கார்ந்தே வந்தான். கத்துக்கோடான்னா பயம். இப்ப அந்த ஊர்ல யார் கொண்டுபோய் விடுறா? அந்தப் பையன்கிட்ட ஸ்கூட்டர் கத்துக் குடுன்னு கேக்கச் சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். அத்தா அடுத்த தாளை எடுத்துப் பிரித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"முன் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டாம்னு எழுது. அவசரக்காரன், விழுந்து வைப்பான்."

தலைப்பிரட்டை